குழந்தைக்குக் கார் சீட்: வயதை விடுங்கள், எடையையும் உயரத்தையும் பாருங்கள்

கேள்வி கேட்ட மதுரைக்காரருக்கு இரண்டு பிள்ளைகள். பையனுக்கு எட்டு மாதம், 8 கிலோ. பெண்ணுக்கு ஐந்தரை வயது, 17 கிலோ, 110 செ.மீ. உயரம். கார் நாலைந்து வருடப் பழைய ஹேட்ச்பேக், மாதத்துக்கு ஒரு தடவையாவது சென்னைக்கு வந்து போகிறார்கள். அவர் கேட்டது இதுதான்: 'பிறந்ததிலிருந்து 12 வயது வரை' என்று போட்டு விற்கிறார்களே, அந்த ஒரே சீட்டை வாங்கினால் போதுமா? பையனுக்கு ஒரு வயது முடிந்ததும் சீட்டை முன்பக்கம் திருப்பிவிடலாமா? பெண்ணுக்குக் காரில் இருக்கிற பெல்ட்டே போதாதா? அப்புறம், "இத்தனை காலமும் மடியில வச்சுக்கிட்டுத்தானே போனோம், இப்ப என்ன புதுசா" என்று அம்மா கேட்கிறார், அவருக்கு என்ன சொல்வது?

முதல் மூன்றுக்கும் என் பதில் 'வேண்டாம்', 'கூடாது', 'போதாது'. அம்மா கேட்டதுதான் நாலிலும் நல்ல கேள்வி, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

50 கி.மீ. வேகத்தில் போகிற கார் எதன் மேலாவது நேராக மோதி நின்றால், அதன் முன்பகுதி அரை மீட்டர், முக்கால் மீட்டர் நசுங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம். அந்த நேரத்தில் உடம்பு முன்னால் இழுக்கப்படும் விசை, சராசரியாகப் பார்த்தாலே நம் எடையைப்போலப் பதினைந்து இருபது மடங்கு வரும், உச்சத்தில் இன்னும் அதிகம். 8 கிலோ பையன் 150 கிலோவாக இழுப்பான். எந்தப் பாட்டியின் கையும், எந்தப் பயில்வானின் கையும் அதைப் பிடித்து நிறுத்தாது. பாசத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, கணக்கு அப்படி. இதைவிட மோசமானது ஒன்று உண்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தன் பெல்ட்டையே இருவருக்கும் சேர்த்துப் போட்டுக்கொள்வது. மோதும்போது பெரியவரின் முழு எடையும் பின்னாலிருந்து வந்து குழந்தையைப் பெல்ட்டோடு வைத்து அழுத்தும். அம்மாவிடம் இதை மட்டும் சொல்லுங்கள், மற்றதெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். அவர் காலத்தில் மதுரையிலிருந்து சென்னைக்கு அம்பாசடரில் 60-இல் போனார்கள், நீங்கள் நாலுவழிச் சாலையில் 100-இல் போகிறீர்கள். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நாலு மடங்காகும்.

சரி, சீட்டுக்கு வருவோம். 'எந்த வயதுக்கு எந்த சீட்' என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள், பெட்டியின் மேலும் வயதைத்தான் பெரிதாக அச்சடிக்கிறார்கள். ஆனால் சீட்டைச் சோதித்துச் சான்று கொடுப்பது வயதை வைத்து அல்ல. பழைய ஐரோப்பிய விதியான ஆர்44 எடையை வைத்துப் பிரிக்கிறது: 13 கிலோ வரை ஒரு பிரிவு, 9 முதல் 18 வரை அடுத்தது, 15 முதல் 25, 22 முதல் 36 என்று. நம் நாட்டின் ஏஐஎஸ்-072 தரமும் அதை ஒட்டியதுதான், அதனால் இங்கே கடையில் பார்க்கும் சீட்டுகளில் கிலோ கணக்கு இருக்கும். புதிய விதியான ஆர்129, ஐ-சைஸ் என்று சொல்வார்களே அதுதான், உயரத்தை வைத்துப் பிரிக்கிறது, பக்கவாட்டு மோதல் சோதனையையும் சேர்த்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 செப்டம்பரிலிருந்து பழைய ஆர்44 சீட்டுகளைப் புதிதாக விற்கக்கூடாது. நம் ஊரில் இரண்டும் கிடைக்கும். கைக்காசுக்குக் கட்டுப்படியானால் ஆர்129 வாங்குங்கள், முடியாவிட்டால் நல்ல ஆர்44 சீட்டும் மோசமில்லை. இரண்டு முத்திரையும் இல்லாமல், ஏஐஎஸ் எண்ணும் இல்லாமல், அழகாகப் பொம்மைப் படம் போட்டு மூவாயிரத்துக்குக் கிடைக்கிற பஞ்சு மெத்தையைக் கையால்கூடத் தொடாதீர்கள்.

இந்த விஷயத்தில் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் கேள்விகள் தானாக விழுந்துவிடும். பின்பக்கம் பார்த்த சீட், அதற்குப் பிறகு முன்பக்கம் பார்த்து ஐந்து முனை பெல்ட் உள்ள சீட், பிறகு பூஸ்டர் (பிள்ளையை உயர்த்தி உட்கார வைத்துக் காரின் பெல்ட்டையே போடும் சீட்), கடைசியில் வெறும் பெல்ட். இப்படி ஒவ்வொரு படி தாண்டும்போதும் பாதுகாப்பு கொஞ்சம் குறைகிறது. ஏறுகிறோம் என்று நினைக்கிறோம், உண்மையில் இறங்குகிறோம். அதனால் கேட்க வேண்டிய கேள்வி 'எப்போது மாற்றலாம்' என்பது அல்ல, 'இதிலேயே இன்னும் எவ்வளவு நாள் ஓட்டலாம்' என்பதுதான். அடுத்த வகுப்புக்குப் பாஸ் ஆகிவிட்டான் என்று பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை.

உங்கள் பையன் விஷயத்தில் இது ரொம்ப முக்கியம். கைக்குழந்தைக்கு உடம்பு எடையில் கால்வாசி தலையே இருக்கும், நமக்கு அது ஆறு ஏழு சதவீதம்தான். கழுத்தெலும்புகள் முழுக்க எலும்பாகியிருக்காது, துண்டு துண்டாகக் குருத்தெலும்பால் இணைந்திருக்கும், அவை கெட்டிப்பட மூன்றிலிருந்து ஆறு வயது ஆகும். முன்பக்கம் பார்த்து உட்கார்ந்த குழந்தையின் மார்பைப் பெல்ட் பிடித்து நிறுத்தும், அந்தப் பெரிய தலையை எதுவும் நிறுத்தாது, அது முன்னால் போகும், இழுபடுவது கழுத்து. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒன்றாகச் சீட்டின் ஓட்டுக்குள் அழுந்தும், விசை முதுகு முழுக்கப் பரவும். மோசமான விபத்துகளில் நேருக்கு நேர் மோதல் அதிகம் என்பதால் இந்தத் திசை அவ்வளவு பெரிய வித்தியாசம் செய்கிறது. 1960களில் ஸ்வீடனில் பெர்டில் ஆல்ட்மன் என்ற பேராசிரியர் ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் முதுகைச் சாய்த்துப் படுத்திருக்கும் இருக்கையைப் பார்த்துத்தான் பின்பக்கம் பார்த்த குழந்தை சீட்டை உருவாக்கினார். அந்த நாட்டில் இன்றைக்கும் நாலு வயது வரை பிள்ளைகளைப் பின்பக்கம் பார்த்து உட்கார வைப்பது சாதாரணம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் முன்பு 'இரண்டு வயது வரை' என்று சொல்லிக்கொண்டிருந்தது, 2018-இல் அந்த வயதையும் எடுத்துவிட்டு 'சீட்டின் எடை, உயர வரம்பு முடியும்வரை' என்று மாற்றிவிட்டது.

அப்படியானால் இந்த 'ஒரு வயதானதும் திருப்பலாம்' எங்கிருந்து வந்தது? ஆர்44-இல் 9 கிலோ ஆனால் முன்பக்கம் பார்த்த பிரிவு தொடங்கிவிடுகிறது, பிள்ளைகள் 9 கிலோவைத் தொடுவது பெரும்பாலும் ஒரு வயதை ஒட்டி, சிலர் அதற்கு முன்பே. உங்கள் பையனே இன்னும் இரண்டு மூன்று மாதத்தில் தொட்டுவிடுவான். அதாவது சீட்டின் பெட்டி 'திருப்பலாம்' என்று சொல்லும், பத்து மாதக் கழுத்து அதற்குத் தயாராக இருக்காது. ஆர்129 இந்த ஓட்டையை அடைத்துவிட்டது, அதில் 15 மாதம் முடியும்வரை பின்பக்கம் பார்த்தே உட்கார வேண்டும் என்பது கட்டாயம். என்னைக் கேட்டால் 15 மாதத்தையும் ஒரு தொடக்கமாகத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

கால் மடங்குகிறதே, வலிக்காதா என்று கண்டிப்பாக வீட்டில் யாராவது கேட்பார்கள். வலிக்காது. நம் பிள்ளைகள் தரையில் சம்மணம் போட்டும் மண்டி போட்டும் மணிக்கணக்கில் விளையாடுகிறவர்கள், அவர்களுக்கு இது வழக்கமான இருப்பு. கால் சீட்டில் முட்டுவது 'வளர்ந்துவிட்டான்' என்பதற்கு அடையாளமும் இல்லை. பார்க்க வேண்டியது தலையை. தலை உச்சி சீட்டு முதுகின் மேல் விளிம்புக்கு ஒரு அங்குலம் கீழே வந்துவிட்டாலோ, சீட்டின் எடை வரம்பைத் தாண்டிவிட்டாலோ மட்டும் அந்தச் சீட் சிறிதாகிவிட்டது என்று அர்த்தம். இரண்டில் எது முதலில் வருகிறதோ அது.

இப்போது அந்த 'பிறந்ததிலிருந்து 12 வயது வரை' சீட். காசு மிச்சம் என்று தோன்றும், நானும் ஏன் விற்கிறது என்று புரிந்துகொள்கிறேன். ஆனால் ஒரே சட்டையைப் பிறந்த குழந்தைக்கும் ஏழாம் வகுப்புப் பையனுக்கும் தைக்கச் சொன்னால் தையல்காரர் என்ன செய்வாரோ அதுதான் இங்கும் நடக்கிறது. பிறந்த குழந்தைக்கு ரொம்ப அகலம், தலை சரிந்து தாடை மார்பில் முட்டும். ஏழு எட்டு வயதில் அதே சீட்டின் தோள் பெல்ட் வழிகாட்டி போதிய உயரத்துக்கு வராது. இந்த வகையில் பல சீட்டுகள் 13 கிலோ வரை மட்டுமே பின்பக்கம் பார்க்கும், ஓடு குட்டையாக இருந்தால் அதற்கு முன்பே தலை மேலே வந்துவிடும். அதோடு ஒவ்வொரு சீட்டுக்கும் ஆயுள் உண்டு, தயாரிப்பாளரைப் பொறுத்து ஆறிலிருந்து பத்து வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நம் வெயிலில் நிற்கிற காரில் பிளாஸ்டிக் பன்னிரண்டு வருடம் அப்படியே இருக்கும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

உங்களுக்கு நான் சொல்வது இரண்டு சீட். பையனுக்கு, பின்பக்கம் பார்த்து முடிந்தவரை நீளமாக ஓடக்கூடிய, பிறகு முன்பக்கமும் திரும்பக்கூடிய கன்வெர்ட்டிபிள் சீட். எட்டு மாதத்தில் தனியாகக் கைப்பிடி வைத்த குட்டி சீட் வாங்குவது வீண், அது பிறந்த உடனே வாங்கியிருக்க வேண்டிய பொருள். ஆர்129-இல் 105 செ.மீ. வரை பின்பக்கம் பார்க்கும் சீட்டுகள் இருக்கின்றன, சராசரி உயரமுள்ள குழந்தைக்கு அது ஏறக்குறைய நாலு வயது. விலை கூட. அது முடியாதென்றால் ஆர்44-இல் பின்பக்கம் 13 கிலோவோ 18 கிலோவோ வரை, முன்பக்கம் 18 கிலோ வரை என்று வருவதை எடுங்கள், வாங்கும்போது அந்தப் பின்பக்க வரம்பைத்தான் முதலில் கேளுங்கள். கடைக்காரர் குஷன், கப் ஹோல்டர், 360 டிகிரி சுழற்சி என்று அடுக்குவார். சுழலும் சீட் முதுகுவலி உள்ள பாட்டிக்கு வசதி, அதில் சந்தேகம் இல்லை, ஆனால் அதே வசதியால் 'இன்னிக்கு மட்டும் முன்னால திருப்பிக்கிறேன்' என்று ஆரம்பித்துவிடுவோம்.

முன்பக்கம் திருப்பிய பிறகு ஐந்து முனை பெல்ட்டோடு சீட்டின் வரம்பு முடியும்வரை உட்காரட்டும். இந்தக் கட்டத்தில் அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை, ஒன்றைத் தவிர: சீட்டின் உச்சியிலிருந்து போகும் டாப் டெதர் பட்டை இருந்தால் அதைக் கட்டாயம் மாட்டுங்கள், தலை முன்னால் போகிற தூரத்தை அது நிறையவே குறைக்கும். பல பேர் அது உதிரிப் பட்டை என்று நினைத்துச் சுருட்டிப் பின்னால் செருகிவிடுகிறார்கள். இன்னும் சிலர் டிக்கியில் சாமான் கட்டும் கொக்கியில் மாட்டிவிடுகிறார்கள். அது அந்த விசையைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல. காரின் கையேட்டில் நங்கூரப் படம் போட்ட இடம் எது என்று பார்த்து அங்கே மட்டும் மாட்டுங்கள்.

பெண்ணுக்கு வருவோம். ஐந்தரை வயதில் 17 கிலோ, 110 செ.மீ. இந்த வயதுப் பிள்ளைகள்தான் நம் ஊரில் அதிகம் கைவிடப்படுகிறார்கள், கைக்குழந்தைக்காவது யாராவது கவலைப்படுவார்கள். காரின் மூன்று முனை பெல்ட் பெரியவர்களின் இடுப்பெலும்புக்கும் தோளெலும்புக்கும் அளந்து வைத்தது. 110 செ.மீ. பிள்ளைக்கு இடுப்புப் பட்டை வயிற்றின் மேல் ஏறும், தோள் பட்டை கழுத்தில் உரசும். மோதும்போது பட்டை அழுத்துவது எலும்பை அல்ல, கல்லீரலையும் குடலையும். கழுத்தை அறுக்கிறது என்று பிள்ளை பட்டையைக் கைக்கு அடியிலோ முதுகுக்குப் பின்னாலோ தள்ளிவிடும், நாமும் போகட்டும் என்று விடுவோம். அதற்குப் பிறகு மேல் உடம்பைப் பிடிக்க ஒன்றுமே இல்லை.

அவளுக்குத் தேவை முதுகு வைத்த பூஸ்டர், 15 முதல் 36 கிலோ அல்லது 100 முதல் 150 செ.மீ. என்று போட்டிருக்கும். இதில் தனி பெல்ட் கிடையாது, குழந்தையை உயர்த்தி உட்கார வைத்துக் காரின் பெல்ட்டைச் சரியான இடத்தில் விழ வைப்பதுதான் இதன் வேலை. முதுகில்லாத பலகை மாதிரி பூஸ்டர் மலிவாகக் கிடைக்கும், அதை இப்போது வாங்காதீர்கள். ஐரோப்பாவில் புதிதாகச் சான்று பெறும் முதுகில்லாத பூஸ்டர்களை 125 செ.மீ.க்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மட்டுமே அனுமதிக்கிறார்கள். மேலும் விழுப்புரம் தாண்டுவதற்குள் பிள்ளை தூங்கிவிடும், தூங்கினால் பக்கவாட்டில் சாயும், பக்கச் சிறகு உள்ள முதுகு இருந்தால் பெல்ட்டுக்குள்ளேயே சாயும்.

பூஸ்டரை எப்போது விட்டுவிடலாம்? வயது சொல்லாமல் சோதனை சொல்கிறேன். முதுகு சீட்டோடு ஒட்டி உட்கார்ந்து முழங்கால் சீட் விளிம்பில் மடங்கிக் கால் தரையைத் தொட வேண்டும். இடுப்புப் பட்டை தொடையின் மேல் பகுதியில் இடுப்பெலும்பை ஒட்டிக் கிடக்க வேண்டும். தோள் பட்டை கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவில் வர வேண்டும். பயணம் முழுக்க அப்படியே உட்காரும் பொறுமையும் வேண்டும். ஐந்து நிமிடத்தில் சரிந்து வழுக்கி உட்காருகிற பிள்ளைக்கு இன்னும் பூஸ்டர்தான். இதெல்லாம் சேர்ந்து வருவது பொதுவாக 145 செ.மீ. வாக்கில், பத்து பதினொரு வயதுக்கு முன் ரொம்பப் பேருக்கு வராது. பிரிட்டனிலும் சிங்கப்பூரிலும் சட்டம் 135 செ.மீ. என்று வைத்திருக்கிறது, அது குறைந்தபட்சம். அதற்குப் பிறகும் 13 வயது வரை பின் சீட்தான்.

இனி காருக்கும் சீட்டுக்கும் உள்ள பொருத்தம். நல்ல சீட்டை வாங்கித் தளரக் கட்டினால் வாங்காத மாதிரிதான், இதைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் பேசுவேன், ஏனென்றால் சொந்தக்காரர்கள், நண்பர்கள் காரில் நான் பார்க்கிற தப்பில் பெரும்பங்கு இங்கேதான்.

உங்கள் காரின் பின் சீட்டில் முதுகும் அடியும் சேரும் பிளவில் விரலை விட்டுப் பாருங்கள், 28 செ.மீ. இடைவெளியில் இரண்டு இரும்பு வளையம் தட்டுப்பட்டால் அதுதான் ஐசோஃபிக்ஸ், அதாவது பெல்ட் இல்லாமல் குழந்தை சீட்டை நேராகக் காரோடு பூட்டும் வசதி. அந்தக் கால அளவில் வாங்கிய கார் என்றால் பெரும்பாலும் இருக்கும். தட்டுப்படவில்லை என்றால் உடனே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், முதலில் சீட் கவரைக் கழற்றுங்கள். நம் ஊரில் கார் வாங்கிய மறுநாளே ரெக்சின் கவர் போட்டுவிடுகிறோம், கவர் தைக்கிறவருக்கு அந்த வளையம் எதற்கு என்று தெரியாது, மேலேயே இழுத்துத் தைத்துவிடுவார். இன்னொரு சங்கடம், தடித்த ரெக்சின் கவரின் மேல் பெல்ட்டால் கட்டும் சீட் வழுக்கிக்கொண்டே இருக்கும், எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் திருச்சி போவதற்குள் தளர்ந்திருக்கும். முன் சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள கார் என்றால் கவர் அதையும் மறைக்கும். குழந்தை சீட் வைக்கிற இடத்திலாவது கவரை எடுத்துவிடுங்கள்.

ஐசோஃபிக்ஸ் சீட் என்றால் இரண்டு கொக்கியும் 'கிளிக்' என்று மாட்டிப் பச்சை அடையாளம் தெரிய வேண்டும், மூன்றாவதாக டாப் டெதரோ தரையில் ஊன்றும் கால்கட்டையோ இருக்கும், அது இல்லாமல் வேலை முடியவில்லை. பெல்ட்டால் கட்டும் சீட்டும் சரியாகக் கட்டினால் பாதுகாப்பானதே, தப்பாகக் கட்ட வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். முழங்காலால் சீட்டை அழுத்திக்கொண்டு பெல்ட்டை இழுக்க வேண்டும். பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டினால் ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக்கூடாது. சீட்டின் உச்சியைப் பிடித்து ஆட்டிவிட்டு 'ஆடுதே' என்று பயப்பட வேண்டாம், பின்பக்கம் பார்த்த சீட்டில் உச்சி கொஞ்சம் ஆடத்தான் செய்யும்.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணனோ அக்காவோ பெட்டியில் போட்டு அனுப்புகிற சீட் பற்றி ஒரு வார்த்தை. சீட் நல்ல சீட்டாகவே இருக்கும். ஆனால் அங்குள்ள கார்களில் பெல்ட்டை முழுக்க இழுத்துவிட்டால் அது பூட்டிக்கொள்ளும், நம் கார்களில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது, பிரேக் அடித்தால் மட்டும் பூட்டும். அதனால் அமெரிக்கச் சீட்டை இங்கே பெல்ட்டால் கட்டினால், சீட்டிலேயே பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கும் கிளிப் இல்லாவிட்டால், தளர்ந்துகொண்டே போகும். கீழ் வளையத்தில் மாட்டும் பட்டை வைத்துக் கட்டினால் அந்தச் சிக்கல் இல்லை, அந்த வழிக்கு உள்ள எடை வரம்பைச் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த இடம்? கணக்குப்படி பின் சீட்டின் நடு இடம் பக்கவாட்டு மோதலிலிருந்து தூரம். நடைமுறையில் அங்கே ஐசோஃபிக்ஸ் இருக்காது, பழைய கார்களில் இடுப்பு பெல்ட் மட்டும்தான் இருக்கும். பையன் இடது பக்கம், அதாவது நடைபாதைப் பக்கம் ஏற்றி இறக்கும் இடத்தில் இருக்கட்டும், பெண் வலது பக்கம். அவள் இறங்குவதற்கு மட்டும் யாராவது கதவைத் திறந்துவிடுங்கள். பின்பக்கம் பார்த்த சீட் நீளம் பிடிக்கும், சின்னக் காரில் முன் சீட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ள வேண்டிவரும், அதனால்தான் அதை ஓட்டுநருக்குப் பின்னால் வைக்கச் சொல்லவில்லை. வாங்கும் முன் கடைக்குக் காரையே கொண்டுபோய் வைத்துப் பார்க்க முடிந்தால் நல்லது.

முன் சீட்டில், ஏர்பேக் வேலை செய்கிற இடத்தில், பின்பக்கம் பார்த்த சீட்டை எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள். ஏர்பேக் மணிக்கு 300 கி.மீ. அளவு வேகத்தில் விரியும், விரிந்து அடிக்கிற இடத்தில் குழந்தையின் தலைக்குப் பின்னாலுள்ள ஓடு இருக்கும். சன் வைசரில் அந்தப் படம் போட்டு ஒட்டியிருப்பது இதற்காகத்தான்.

தினசரிப் பழக்கத்தில் இரண்டு மூன்று விஷயம். தோள் பட்டை, பின்பக்கம் பார்க்கும்போது தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழேயோ உள்ள துளையிலிருந்து வர வேண்டும், முன்பக்கம் பார்க்கும்போது தோளுக்குச் சமமாகவோ சற்று மேலேயோ. மாட்டி இழுத்த பிறகு தோள்பட்டை மேல் உள்ள பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு கிள்ள வந்தால் இன்னும் இழுக்க வேண்டும். நம் ஊரில் குளிர் ஜாக்கெட் பிரச்சினை இல்லை, ஆனால் கல்யாணத்துக்குப் போகும்போது கஞ்சி போட்ட மாதிரி விறைத்த பட்டுப்பாவாடையின் மேல் பெல்ட் போட்டால் அதே கதைதான், பெல்ட் பாவாடையை இறுக்கும், பிள்ளையை இறுக்காது. மண்டபத்தில் போய் மாற்றிவிடுங்கள். சீட்டோடு வராத தலையணை, மடித்த துண்டு, கழுத்துப் பஞ்சு எதையும் குழந்தைக்கும் பட்டைக்கும் நடுவில் வைக்காதீர்கள். வெயிலில் நிறுத்திய காரில் பக்கிள் சுடும், நிறுத்தும்போது ஒரு வெள்ளைத் துணியை மேலே போட்டு வையுங்கள். பின் கண்ணாடிக்கு அடியில் உள்ள தட்டில் தண்ணீர் பாட்டிலும் டிபன் கேரியரும் வைப்பதை விட்டுவிடுங்கள், மோதினால் அவையும் பறக்கும்.

மதுரை சென்னை 450 கி.மீ. சொச்சம், ஏழெட்டு மணி நேரம். கைக்குழந்தை சாய்ந்த நிலையில் ஒரேயடியாக ரொம்ப நேரம் இருக்கக்கூடாது, தலை முன்னால் கவிழ்ந்தால் மூச்சுக்குழல் மடங்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி வெளியே எடுத்துவிடுங்கள், பிறந்து சில வாரமே ஆன குழந்தை என்றால் அரை மணிக்கு மேல் வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகும் 'தூங்குறானே' என்று சீட்டிலேயே விட்டு வைப்பது கூடாது. முதல் சில பயணத்தில் பையன் அழுவான். மடியில் வளர்ந்தவன் அழாமல் என்ன செய்வான். அழுதால் வண்டியை ஓரமாக நிறுத்தி எடுத்துச் சமாதானப்படுத்திவிட்டு மறுபடி உட்கார வையுங்கள், ஓடுகிற காரில் எடுக்காதீர்கள், ஒரு தடவை எடுத்துவிட்டால் அடுத்த தடவை அதற்காகவே அழுவான். ஒருவர் பின்னால் அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் பாதி அழுகை குறையும், பாட்டிக்கு அந்த வேலையைக் கொடுங்கள்.

பழைய சீட் வாங்கலாமா என்றால், அதன் வரலாறு முழுக்கத் தெரிந்த சொந்தக்காரரிடமிருந்து மட்டும். ஒரு விபத்தைப் பார்த்த சீட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம். அடியில் தயாரித்த தேதியும் ஆரஞ்சு நிறச் சான்று ஒட்டும் இருக்கிறதா பாருங்கள், கையேடும் வேண்டும். பட்டைகளைச் சோப்பு நீரில் ஊற வைக்கக்கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். விலை, சான்று பெற்ற கன்வெர்ட்டிபிள் சீட் ஏழெட்டாயிரத்தில் தொடங்கும், ஐசோஃபிக்ஸும் ஆர்129-உம் சேர்ந்தால் இரண்டு மூன்று மடங்கு போகும்.

சட்டமும் இருக்கிறது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் காரில் போனால் ஓட்டுபவருக்கு 1,000 ரூபாய் அபராதம். யாரும் நிறுத்திப் பிடிப்பதில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கார் மாற்றும் எண்ணம் வந்தால் பாரத் என்கேப் என்ற நம் நாட்டுக் கார் மோதல் சோதனையின் முடிவில் பெரியவர்களுக்கான நட்சத்திரத்தோடு நிற்காமல் குழந்தைப் பாதுகாப்புக்குத் தனியாக 49-க்கு எவ்வளவு என்று பாருங்கள், ஒன்றரை வயது, மூன்று வயதுப் பொம்மைகளை உட்கார வைத்து அந்தச் சோதனையைச் செய்கிறார்கள்.

இரண்டு சீட்டுக்கும் ஒரே மாதத்தில் பணம் புரட்ட முடியாது என்றால் பையனுடையதை முதலில் வாங்குங்கள், பெண்ணுக்கு இப்போதைக்கு அரைகுறையாகவாவது ஒரு பெல்ட் இருக்கிறது, அவனுக்கு எதுவுமே இல்லை. அவளுடைய பூஸ்டர் அதைவிட மலிவு, அடுத்த மாதம் வாங்கிவிடலாம். அதுவரை சென்னைப் பயணத்தைத் தள்ளிப்போட முடியாவிட்டால் அவளை மட்டும் ரயிலில் பாட்டியோடு அனுப்பிவிடுங்கள், பாண்டியன் எக்ஸ்பிரஸ் ராத்திரி கிளம்பிக் காலையில் எழும்பூரில் இறக்கிவிடும்.